கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

எரிபொருள் வந்த வழி: வரலாற்றுத் தொடர் – 17

சென்ற வாரம் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் நிறுத்தியிருந்தோம். அந்த அக்டோபரில் பீப்பாய் மூன்று டாலருக்கு விற்ற எண்ணெய், மறு ஜனவரியில் பதினொரு டாலரைத் தாண்டியது. ஜனவரி 31 அன்று புக்கோம் தீவிலிருந்த ஷெல் சுத்திகரிப்பு ஆலைக்குள் நான்கு பேர் வெடிகுண்டுகளோடு புகுந்ததையும், அவர்கள் கைப்பற்றிய லாஜு படகின் பெயர் சிங்கப்பூர் வரலாற்றில் ஏறியதையும் பார்த்தோம்.

ஆங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வேலையைத் தொடங்கியதும் அதே 1973இல்தான். ரப்பர் தோட்டங்களும் சதுப்பும் சிறு பண்ணைகளும் இருந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. கம்பத்தில் மாடு வைத்திருந்தவர் மாட்டைக் கூட்டிக்கொண்டு மாடி ஏற முடியாது. தீவில் வயலும் தொழுவமும் சுருங்கச் சுருங்க, வைக்கோலும் மக்களின் வாழ்விலிருந்து விலகிப் போனது.

வைக்கோல் இங்கே விலகிய அதே காலத்தில், பாதி உலகத்துக்கு அப்பால் ஓர் ஆய்வுக்கூடம் அதன் பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு மேற்கே நேட்டிக் என்றொரு ஊர். அங்கிருந்த ராணுவ ஆய்வுக்கூடம் ஒரு பூஞ்சையோடு முப்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. படைவீரர்களின் துணியை அது தின்னாமல் தடுப்பதற்காகத் தொடங்கிய ஆராய்ச்சி அது. எண்ணெய் விலை ஏறியதும் ஆராய்ச்சி தலைகீழாகத் திரும்பியது: தின்னட்டும், இன்னும் வேகமாகத் தின்னட்டும்! வைக்கோலிலிருந்து வாகன எரிபொருள் எடுக்கும் இன்றைய முயற்சிகளில் பெரும்பாலானவை அந்த ஒற்றைப் பூஞ்சைக்குக் கடன்பட்டவை. இந்த வாரம் அதன் கதை.

போரும் பூசணமும்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, இந்தியப் படைவீரர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஜப்பானியர்கள் ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டு, நியூ பிரிட்டன், நியூ கினி தீவுகளுக்குக் கூலிவேலைக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம்.

அந்தத் தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படை ஜப்பானியரை எதிர்த்துத் தீவு தீவாக முன்னேறியது. எதிரி ஒருபுறம் இருக்க, மழையும் புழுக்கமும் இன்னொரு போரை நடத்தின. பருத்தித் துணியில் செய்த கூடாரம், சீருடை, முதுகுப்பை, தோட்டா வார் என்று எல்லாவற்றிலும் பூசணம் படர்ந்தது. கித்தான் துணி சில வாரங்களிலேயே நைந்து கிழிந்தது. ராணுவத் தளவாடப் பிரிவு, நைந்த துணிகளைச் சேகரித்து அனுப்பச் சொல்லி, அவற்றிலிருந்த நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிட்டு வளர்த்தது. சேகரிப்பு வளர்ந்து வளர்ந்து ஆயிரக்கணக்கான பூஞ்சைகளின் களஞ்சியமானது.

அவற்றில் ஒன்று சாலமன் தீவுக் கூட்டத்தின் போகன்வில் தீவிலிருந்து வந்த கூடாரத் துணியில் கிடைத்தது. பார்வைக்குப் பச்சை படிந்த சாதாரணப் பூசணம். களஞ்சியத்தில் அதன் எண் கியூஎம் 6ஏ. பருத்தியை அது கரைத்த வேகத்துக்கு மற்றவை ஈடுகொடுக்க முடியவில்லை. பல பத்தாண்டுகளுக்கு உலகின் ஆய்வுக்கூடங்களிலும் ஆலைகளிலும் இருந்த அந்த இனத்தின் ஒவ்வொரு வகையும் அந்த ஒரே மாதிரியின் வழித்தோன்றல்தான்.

ரீஸ் கேட்ட கேள்வி

இந்த வேலையில் இருந்த நுண்ணுயிரியலாளர் எல்வின் ரீஸ். துணியைக் காக்கப் பூஞ்சைக்கொல்லி தேடுவதுதான் அவருக்கு இடப்பட்ட பணி. ஆனால் கொல்வதற்கு முன்னால், அது எப்படித் தின்கிறது என்று தெரியவேண்டும் அல்லவா? அங்கிருந்துதான் அவருடைய கேள்வி கிளம்பியது.

பருத்தி, மரம், வைக்கோல், காகிதம் எல்லாவற்றின் உடலும் செல்லுலோஸ். 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயன் தனித்துக் காட்டிய பொருள் இது. குளுக்கோஸ் சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து ஒரு நீண்ட சங்கிலியாகின்றன. சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நெருங்கிப் படிகமாகின்றன. அரிசியிலுள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ்தான். ஆனால் அங்கே இணைப்பு வேறு கோணத்தில் இருப்பதால் நம் எச்சிலே அதை உடைக்கத் தொடங்கிவிடுகிறது. நெல்லின் மணியைச் சோறாக உண்கிறோம். அதன் தாளில் அதே சர்க்கரை பூட்டிக் கிடந்தும் நமக்கு அது உணவாவதில்லை.

1950இல் ரீஸ் தம் சகாக்களோடு ஒரு கருத்தை வெளியிட்டார். செல்லுலோஸை வேதிமுறையில் இளக்கிக் கொடுத்தால் பல நுண்ணுயிர்கள் தின்கின்றன. இளக்காத பருத்தியைச் சிலவே தின்கின்றன. ஆகவே இதில் இரண்டு படிகள் இருக்க வேண்டும். முதலில் ஏதோ ஒன்று படிகத்தைக் குலைத்துச் சங்கிலிகளைப் பிரிக்கிறது. பிறகு வேறு நொதிகள் வந்து சங்கிலியை வெட்டுகின்றன. முதல் படியைச் செய்வது எது என்று அவரால் காட்ட முடியவில்லை.

ஆய்வுக்கூடம் 1954இல் நேட்டிக்குக்கு இடம் மாறியது. ரீஸோடு சேர்ந்த மேரி மாண்டல்ஸ் அடுத்த முப்பது ஆண்டுகள் இந்தப் பூஞ்சையோடு வாழ்ந்தார். எந்த உணவில் அது நொதியைக் கூடுதலாகச் சுரக்கிறது, எந்த வெப்பத்தில், எவ்வளவு அமிலத்தன்மையில் என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்து எழுதினார். போர் முடிந்து, செயற்கை இழைத் துணிகளும் வந்துவிட்டன. ராணுவத்துக்கு இந்த ஆராய்ச்சியின் தேவை ஏறக்குறையத் தீர்ந்துபோன வேளையில்தான் 1973 வந்தது.

மாட்டுக்குத் தெரிந்தது

வைக்கோலை உடைக்கும் வேலையை ஆய்வுக்கூடத்துக்கு முன்பே செய்தது மாடு. ஒவ்வொரு பொங்கலுக்கும் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஆங் மோ கியோவிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும் பெற்றோர் குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். சிராங்கூன் சாலையில் மாடு வேடிக்கைப் பொருளாக இல்லாத காலம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கால்நடை வணிகம் கொடிகட்டிப் பறந்தது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, மாட்டு வியாபாரி பெலிலியோஸ் பெயரில் பெலிலியோஸ் சாலை என்று அந்தத் தொழில் தெருப் பெயர்களில் தங்கிவிட்டது. மாடு இருந்த இடத்தில் தீவனத் தாளும் புல்லும் வந்து இறங்கியே ஆகவேண்டும்.

அந்த மாடு வைக்கோலைத் தானே செரிப்பதில்லை. செல்லுலோஸை உடைக்கும் நொதி அதன் உடலில் சுரப்பதே இல்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அந்த வேலையைச் செய்கின்றன. மாட்டின் பங்கு இரண்டு: அசைபோட்டு அசைபோட்டுத் தாளை நைப்பது, வெதுவெதுப்பான இடத்தில் நீண்ட நேரம் வைத்திருப்பது. உடையாமல் மிஞ்சும் லிக்னின் என்ற பசைப்பொருள் சாணத்தோடு வெளியேறுகிறது. ஊரில் அதை வறட்டியாகத் தட்டி எரித்தோம்.

இன்றைய வைக்கோல் ஆலையும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறது. தாளை நறுக்கி, நீர்த்த அமிலம் சேர்த்து, 160 முதல் 200 பாகை வரையிலான நீராவியில் அழுத்தி வேகவைத்துச் சட்டென்று அழுத்தத்தை விடுவிப்பார்கள். தாளின் திசு பிளந்து நார்நாராகிவிடும். பிறகு சுமார் 50 பாகையில் நொதிகளை ஊற்றி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். முதல் வகை நொதி சங்கிலியை நடுவில் வெட்டும். இரண்டாம் வகை, வெட்டுப்பட்ட முனையைப் பற்றிக்கொண்டு ஓடி, இரண்டிரண்டு சர்க்கரையாகக் கழற்றும். மூன்றாம் வகை அந்த இணையைப் பிரித்துத் தனிக் குளுக்கோஸ் ஆக்கும். சர்க்கரைநீரில் ஈஸ்ட்டை விட்டால் எத்தனால். மிஞ்சிய லிக்னின் கொதிகலனுக்குப் போகும்.

அமிலம் கண்ட வழி

நொதி இல்லாமலும் செல்லுலோஸை உடைக்கலாம். பிரான்சின் நான்சி நகரில் ஆன்றி பிராகன்னோ 1819இலேயே அதைச் செய்துவிட்டார். கந்தல் துணியையும் மரத்தூளையும் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்தார். போட்ட துணியைவிட வந்த சர்க்கரையின் எடை அதிகமாக இருந்ததைக் கண்டு அக்காலத்தவர் வியந்தார்கள். காரணம் எளிது: சங்கிலி அறுபடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்துகொள்கிறது. நூறு கிராம் செல்லுலோஸ் முழுவதும் உடைந்தால் நூற்றுப் பதினோரு கிராம் குளுக்கோஸ்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலும், இரண்டாம் போருக்கு முந்தைய ஜெர்மனியிலும் மரத்தை அமிலத்தில் உடைத்துச் சாராயம் எடுக்கும் ஆலைகள் ஓடின. ஆனால் அமிலத்துக்கு நிறுத்தத் தெரியாது. வந்த சர்க்கரையையும் அது சிதைக்கும். சிதைவில் பிறக்கும் பொருள்கள் ஈஸ்ட்டுக்கு நஞ்சு. பாத்திரங்களையும் அரிக்கும். போர் முடிந்து எண்ணெய் மலிந்ததும் பெரும்பாலான ஆலைகள் மூடப்பட்டன. எண்ணெய் விலை ஏறும்போது பிறந்து, இறங்கும்போது மடிவது இந்தத் தொழிலுக்கு அப்போதே வாய்த்துவிட்ட ஜாதகம்.

பகைவன் பணியாளனான கதை

1973க்குப் பிறகு நேட்டிக் தன் பூஞ்சையைக் கழிவுக் காகிதத்தின் மேல் ஏவியது. பழைய செய்தித்தாளிலிருந்து சர்க்கரை, சர்க்கரையிலிருந்து எத்தனால். கதிர்வீச்சுக்கு ஆளாக்கி, கூடுதலாகச் சுரக்கும் பிறழ்வு வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1977இல் அந்த இனத்துக்கு ரீஸின் பெயரே சூட்டப்பட்டது: டிரைக்கோடெர்மா ரீசி. ஒழிக்க அனுப்பப்பட்டவரின் பெயரைத் தாங்கி நிற்கும் பூசணம்! 1970களின் இறுதியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ரட் சி-30 என்ற வகை இன்னும் தாராளமாகச் சுரந்தது. இன்று தொழில் நிறுவனங்கள் வைத்திருக்கும் வகைகள் ஒரு லிட்டர் ஊடகத்தில் 100 கிராமுக்கு மேல் புரதத்தைக் கொட்டுகின்றன.

இந்த இடத்தில் ஓர் இந்தியர் வருகிறார். ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் நொதியே சிறந்தது என்று சொன்னால், எதை வைத்து ஒப்பிடுவது? டெல்லி ஐஐடியில் உயிர்வேதிப் பொறியியலை வளர்த்த பேராசிரியர் டி.கே. கோஷ் 1987இல் சர்வதேச வேதியியல் அமைப்பின் சார்பில் அதற்கான முறையை எழுதினார். ஆறு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம், 50 மில்லிகிராம் எடையுள்ள வடிகட்டித் தாளின் துண்டு. 50 பாகை வெப்பம். ஒரு மணி நேரம். அதற்குள் எவ்வளவு சர்க்கரை வருகிறது என்று பார்க்க வேண்டும். இன்றும் உலகின் எந்த மூலையில் செல்லுலோஸ் நொதியை அளந்தாலும் பெரும்பாலும் இந்தத் தாள்துண்டுதான் அளவுகோல்.

வைக்கோலில் செல்லுலோஸ் மட்டுமா இருக்கிறது? ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு பகுதி உடைந்தால் சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரை வரும். சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. விட்டுவிட்டால் சர்க்கரையில் பெரும் பங்கு வீண். ஃபுளோரிடாவின் லானி இங்கிராம், எல்லாச் சர்க்கரையையும் உண்ணும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு எத்தனால் தயாரிக்கும் மரபணுக்களைப் புகுத்தினார். 1991இல் அதற்குக் கிடைத்த காப்புரிமைதான் அமெரிக்காவின் ஐம்பது லட்சமாவது காப்புரிமை. அந்த மரபணுக்களைத் தந்தது சைமோமோனாஸ் என்ற பாக்டீரியா. கள்ளில் காணப்படுவது. எத்தனால் ஆக்குவதில் ஈஸ்ட்டோடு போட்டிபோடும் அந்த உயிரைப் பற்றி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. குணசேகரன் குழு நீண்ட காலம் ஆய்வு செய்தது.

ரீஸ் கண்டுபிடிக்காமல் விட்ட முதல் படிக்கும் ஒரு விடை வந்தது. செம்பைத் தாங்கி, உயிர்வளியின் துணையோடு படிகத்தின் மேற்பரப்பையே துளைக்கும் புதுவகை நொதிகளில் முதலாவதை 2010இல் நார்வே ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1950இன் ஊகம் அறுபது ஆண்டு காத்திருந்தது. 2008இல் டிரைக்கோடெர்மா ரீசியின் மரபணுத்தொகுதியைப் படித்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் கிடைத்திருந்தது. இவ்வளவு சுரக்கும் பூஞ்சையிடம் செல்லுலோஸ் நொதிகளின் வகை மிகக் குறைவு. பல கருவி வைத்துக்கொள்ளாமல், சில கருவிகளை ஏராளமாகச் செய்து குவிக்கும் உயிர் அது.

எழுந்ததும் விழுந்ததும்

கனடாவின் ஒட்டாவாவில் அயோஜென் நிறுவனம் 2004இல் கோதுமை வைக்கோலிலிருந்து எத்தனால் எடுத்துக் காட்டியது. அதே காலத்தில் அமெரிக்க அரசின் உதவியோடு ஜெனென்கோர், நோவோசைம்ஸ் என்ற இரு நொதி நிறுவனங்கள் நொதியின் செலவை இருபது மடங்குக்கு மேல் குறைத்துவிட்டதாக அறிவித்தன. 2006இல் அதிபர் புஷ் நாடாளுமன்ற உரையிலேயே புல்லிலிருந்து எரிபொருள் என்று பேசினார். மறு ஆண்டுச் சட்டம், 2022க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் வேண்டும் என்று இலக்கு வைத்தது.

ஆலைகள் எழுந்தன. 2013இல் இத்தாலியின் கிரெசென்டினோ. 2014இல் அயோவாவில் போயட்–டிஎஸ்எம், கன்சாஸில் அபெங்கோவா. 2015இல் அயோவாவில் டூபாண்ட். அதற்குள் எண்ணெய் விலை மளமளவென்று சரிந்தது. 2014 நடுவில் நூறு டாலருக்கு மேல் இருந்த பீப்பாய், 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே. அபெங்கோவா ஆலை ஓராண்டு ஓடியதும் நின்றது. டூபாண்ட் 2017இல் கைகழுவியது. கிரெசென்டினோவும் அதே ஆண்டு நின்று பிறகு கைமாறியது. போயட்–டிஎஸ்எம் 2019இல் எத்தனால் உற்பத்தியை நிறுத்திவைத்தது. ருமேனியாவின் பொடாரியில் கிளாரியன்ட் நிறுவனம் கட்டிய வைக்கோல் ஆலை, உற்பத்தி தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் 2023 டிசம்பரில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் 1,600 கோடி கேலன் இலக்கு அருகில்கூடப் போகவில்லை.

எண்ணெய் விலையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. நொதி தன் வேலையைச் செய்தது, இடறிவிட்டது தாள். வயலிலிருந்து வாரிய தாளோடு மண்ணும் கல்லும் வந்தன. அவை இயந்திரத்தைத் தேய்த்தன. ஈரத்தாள் குழாயை அடைத்தது. கட்டுக்கட்டாக அடுக்கிய தாள் தீப்பிடித்தது. ஆய்வுக்கூடத்தில் யாரும் இவற்றைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. துணியை நைத்துப் போட்ட பூஞ்சையை ஆட்டிப் படைக்கக் கற்றவர்களால், அறுவடைக் களத்தை ஆட்டிப் படைக்க முடியவில்லை.

பானிபட்டின் கணக்கு

இந்தியாவுக்கு இந்தத் தொழில் வேறு வாசல் வழியாக வந்தது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டங்கள் நெல் நடவை ஜூன் நடுப்பகுதிக்குத் தள்ளின. அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இடையில் இரண்டு மூன்று வாரமே மிச்சம். அறுவடை இயந்திரம் விட்டுப்போன நெல் தாளில் சிலிக்கா அதிகம்; அந்த ஊர் மாடுகளுக்குக் கோதுமைத் தாள்தான் பழக்கம். ஒரு தீக்குச்சியில் வயல் காலியாகும். டெல்லி மூச்சுத் திணறும்.

மும்பை வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் அரவிந்த் லாலி தலைமையிலான மையம் உருவாக்கிய முறையில், உத்தராகண்டின் காசிப்பூரில் நாளுக்குப் பத்து டன் தாளைக் கையாளும் மாதிரி ஆலை 2016 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 2019இல் மத்திய அரசு இத்தகைய ஆலைகளுக்கென்றே ஒரு நிதித் திட்டத்தை அறிவித்தது. 2022 ஆகஸ்ட் 10 அன்று ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலையைப் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். தொழில்நுட்பம் புனேயின் பிராஜ் நிறுவனத்துடையது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் தாள், சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம்.

இந்த எண்களைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாம். ஒரு டன் தாளுக்கு 150 லிட்டர் எத்தனால். எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். ஆக, ஒரு டன் தாள் என்பது 100 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். இரண்டு லட்சம் டன்னை ஆண்டு முழுவதற்கும் பங்கிட்டால் நாளுக்கு சுமார் 550 டன். தாளோ ஆண்டு முழுக்க வராது; அந்த இரண்டு மூன்று வாரத்தில் வந்து குவியும். அதை வாரிக் கட்டி, மழையும் தீயும் அண்டாமல் அடுக்கி வைத்து, மாதக்கணக்கில் ஆலைக்கு ஊட்ட வேண்டும். நொதியின் வேகத்தை ஆய்வுக்கூடம் கூட்டலாம். தாள் வந்து சேரும் வேகத்தை வயலும் லாரியும் விவசாயிக்குக் கிடைக்கும் காசும்தான் தீர்மானிக்கும்.

காவிரி டெல்டாவில் கணக்கு இன்னும் வேறு. அங்கே வைக்கோல் கழிவே அல்ல, மாட்டின் சாப்பாடு. இயந்திரம் உருட்டிக் கட்டிய வைக்கோல் உருளைகள் லாரி ஏறி மாவட்டம் விட்டு மாவட்டம் போய் விலையாகின்றன. அங்கே ஒரு ஆலை வந்தால் அது நெருப்போடு போட்டியிடாது, மாட்டோடு போட்டியிடும். ஒரே நொதி, ஒரே தாள். ஊர் மாறினால் பொருளாதாரமே மாறிவிடுகிறது.

வயல் இல்லாத ஊரின் வைக்கோல்

சிங்கப்பூருக்கு இதில் என்ன வேலை? வயல் இல்லை, ஆனால் மரம் உண்டு. ஆங் மோ கியோ அவென்யூக்களில் நிழல் பரப்பும் மரங்களைக் காலந்தோறும் கழிக்கிறார்கள். புளோக்குகளுக்கு இடையிலான புல்லையும் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கிளையும் இலையும் புல்லும் ரசாயனப்படி வைக்கோலின் உறவுகள்தான்: அதே செல்லுலோஸ், அதே ஹெமிசெல்லுலோஸ், கூடுதலாக லிக்னின்.

2010இல் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியின் ஆய்வாளர்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தோட்டக் கழிவையே உணவாகப் போட்டு டிரைக்கோடெர்மா ரீசியை வளர்த்து நொதி எடுத்தார்கள். போகன்வில் கூடாரத்தின் வாரிசு சிங்கப்பூர்ச் சாலையோர மரத்தைத் தின்றது. ஜூரோங் தீவில் ஏ ஸ்டார் அமைப்பின் வேதி, பொறியியல் அறிவியல் கழகம் அக்கம்பக்க நாடுகளின் 'வைக்கோலை'த் தேர்ந்தெடுத்தது: எண்ணெய்ப்பனைக் குலையிலிருந்து பழத்தை உதிர்த்தபின் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் மலைபோல் மிஞ்சும் வெற்றுக் குலை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர் ஹெ ஜியான்சோங் குழு ஒரு படி தாண்டியது. காளான் அறுத்தபின் மிஞ்சிய கழிவில் 2015இல் கிடைத்த ஒரு பாக்டீரியா, தனியாக நொதி ஊற்றாமலே செல்லுலோஸை நேரடியாகப் பியூட்டனால் என்ற எரிபொருளாக்கியது. மரபணுவில் யாரும் கைவைக்காத, இயற்கையிலேயே அப்படி இருந்த உயிர் அது. 2018இல் அந்த முடிவு வெளியானது. ஆனால் ஒரு லிட்டருக்குக் கிடைத்தது இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆலைக்கு அது போதாது.

இந்த ஆய்வுகள் ஆங் மோ கியோ மரக்கிளையை எரிபொருளாக்கிவிடவில்லை. கழித்த கிளைகளில் ஒரு பகுதி உரமாகிறது. ஒரு பகுதி கொதிகலனில் நேராகவே எரிகிறது. பானிபட்டுக்கே இரண்டு லட்சம் டன் தேவைப்படும்போது, ஒரு நகரத்தின் கழிப்பை நம்பி இத்தனை படிகள் கொண்ட ஆலையைக் கட்டினால் கட்டுப்படியாகாது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்த வரலாற்றில் பூஞ்சை கிடைத்தது ஒரு தீவில், அதைப் படித்தது ஒரு ராணுவக் கூடத்தில், அளவுகோல் வகுத்தது டெல்லியில், ஆலை எழுந்தது வயலருகே. அறிவுக்கு வயல் வேண்டியதில்லை, ஆலைக்கு வேண்டும். இருநூறு ஆண்டுகளில் இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணி முதலீடு செய்தவர்களே அதிகம் இழந்திருக்கிறார்கள்.

அப்படியானால் சிங்கப்பூர் தன்னிடம் இல்லாத தாளுக்குப் பதிலாக, தன்னைத் தேடி வரக்கூடிய எந்தக் கழிவைப் பிடித்தது? விடை துவாஸில் இருக்கிறது. பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் 2010இல் அங்கே ஆலையைத் திறந்தது. 2023இல் விரிவுபடுத்திய பின் அதன் திறன் ஆண்டுக்கு 26 லட்சம் டன். அதன் மூலப்பொருள்களில் ஒன்று, வடையும் கோழியும் பொரித்து மீந்த பழைய எண்ணெய். 2026 முதல் இங்கிருந்து கிளம்பும் விமானங்களின் எரிபொருளில் ஒரு விழுக்காடு பசுமை எரிபொருளாக இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் இலக்கு அறிவித்ததற்கும் அந்தப் பழைய எண்ணெய்க்கும் தொடர்பு உண்டு.

அடுத்த வாரம்: வாணலியிலிருந்து வானத்துக்கு